பிழை வந்தால் நல்வரவு

இன்று காலை பல் டாக்டரிடம் நேரம் வாங்க அவருடைய இணையதளத்தைத் திறந்து உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் நிரப்பிப் பொத்தானை அழுத்தினால், ஒரு வார்த்தை சொல்லாமல் முதல் பக்கத்துக்கே கொண்டுவந்து விட்டது. மூன்று முறை. பாவி, உன்னைத்தான் திட்டினேன். நீ போய் ஆறு வருஷமாகியும் என்னிடம் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறாய்.

குரோம்பேட்டையில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே நம் அலுவலகம். இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ. தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு ஜாவாவில் முன்பதிவுத் தளம் செய்துகொண்டிருந்தோம். சோதனையின்போது திரையில் சிவப்பாகப் 'பிழை' என்று வந்ததைப் பார்த்த மண்டபக்காரர், "கல்யாணம் பேசுற எடத்துல இன்னாபா இது அபசகுனமா, எடு" என்றார். இதமான வார்த்தையில் தனியாக ஒரு பிழைப் பக்கம் எழுதலாம் என்றேன். நீ எங்கே கேட்டாய்? எந்தப் பிழை வந்தாலும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடும்படி அமைப்புக் கோப்பில் நாலு வரி எழுதினாய். குத்துவிளக்குப் படமும் 'நல்வரவு'ம் இருக்கும் பக்கம் அது. "பாரு மச்சான், இனிமே பிழையே வராது" என்று சிரித்தாய்.

இரண்டு மாதம் கழித்து அஸ்தினாபுரத்திலிருந்து ஒருவர் பத்திரிகைக் கட்டோடு படியேறி வந்தார். மகள் கல்யாணத்துக்கு நம் தளத்தில் தேதி கேட்டிருக்கிறார். சேமிக்கும்போது பிழை. குத்துவிளக்கைப் பார்த்ததும் பதிவாகிவிட்டது என்று நம்பிப் பத்திரிகை அடித்துவிட்டார். மண்டபத்தில் அந்தத் தேதி வேறொருவருக்குப் போயிருந்தது. மனிதர் கத்தக்கூட இல்லை. "இல்லன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா வேற எடம் பாத்திருப்பேனே தம்பி" என்றார்.

அன்றுதான் உன் முகத்தைச் சிரிப்பில்லாமல் பார்த்தேன். என்னையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு இரண்டு நாள் சேலையூர், செம்பாக்கம் என்று அலைந்து, கடைசியில் பள்ளிக்கரணையில் ஒரு மண்டபம் பிடித்தாய். அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பத்திரிகையிலும் புது முகவரிச் சீட்டை ஒட்டினோம். பசை விரலோடு, "இனிமே எதையும் மறைக்க மாட்டேன்டா" என்றாய்.

சொன்னவன் நீதானே? வயிற்று வலி வந்தபோது மட்டும் எத்தனை முறை கேட்டும், "ஒண்ணுமில்ல மச்சான், வா, டீ சாப்டலாம்." எட்டு மாதம் அதே பதில். உன் மனைவி எனக்குப் போன் செய்தபோது டாக்டர்கள் கையை விரித்திருந்தார்கள்.

இன்றும் எந்த வேலையைத் தொடங்கினாலும் பிழைப் பக்கத்தைத்தான் முதலில் எழுதுகிறேன். 'உங்கள் பதிவு சேரவில்லை. இந்த எண்ணில் கூப்பிடுங்கள்.' கூட வேலை செய்பவர்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். உன்மேல் உள்ள கோபம்தான் ஆறமாட்டேன் என்கிறது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானும் வேறு இடம் பார்த்திருப்பேனே, மச்சான்.