குடிபாலாவில் இறங்கிய மேகம்

குடிபாலா
12.1.1997

அன்புள்ள லதா நைனாவுக்கு,

சங்கரி எழுதுகிறேன். நானும் நம் பெண் லதாவும் சுகம். அங்கே வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? போன கடிதத்தில் மஸ்கட்டில் எத்தனை ஏசி ரிப்பேர் செய்தீர்கள் என்று இருந்தது, என்ன சாப்பிட்டீர்கள் என்று ஒரு வரி இல்லை.

என் பள்ளிக்கூடத்தில் ஒரு புதுக் கூத்து நடக்கிறது. பிள்ளைகள் எழுத்துக் கூட்டிப் படிக்கிறார்கள். படித்தது என்ன என்று கேட்டால் கூரையைப் பார்க்கிறார்கள். ஹெட்மாஸ்டர் வேதாச்சலம் சாரைக் கேட்டுச் சனிக்கிழமை மதியத்தை என் கையில் வாங்கிக்கொண்டேன். முதலில் ஒரு கதை படிப்போம். பிறகு அதைப் படம் போடலாம், பாடலாம், நடிக்கலாம், அவரவர் இஷ்டம். நேற்றுப் பின்பக்கச் சுவரில் சுண்ணாம்போடு துணிக்குப் போடும் நீலத்தைக் கலந்து பூசிவிட்டு, "கடல் டீச்சர்" என்றார்கள். ஒருவரும் கடலைப் பார்த்ததில்லை. "கடலுக்கு அந்தாண்ட கரை கீதுங்களா டீச்சர்?" என்று கேட்டார்கள். "லதா நைனா கடல் பக்கத்துலதான் கீறாரு, கேட்டு எழுதறேன்" என்று சொல்லி வைத்திருக்கிறேன். இரண்டு வரி எழுதுங்கள்.

செல்லியம்மா மகள் தாட்சாயணி, வகுப்பில் வாயே திறக்காதவள், சுவரில் ஒரு மீன் போட்டாள். அதற்கு வாய் மட்டும் இவ்வளவு பெரியது.

உங்கள்
சிவசங்கரி


மஸ்கட்
7.2.1997

அன்புள்ள சங்கரி,

சோறும் பருப்பும் சாப்பிடுகிறேன். வெள்ளிக்கிழமை மீன். போதுமா?

கடல் நீலமாக இருக்கிறது, உப்புக் கரிக்கிறது. இதற்கு மேல் பார்க்க எனக்கு நேரம் இல்லை.

ஜூனில் லதாவைச் சித்தூரில் கான்வெண்ட்டில் சேர்த்துவிடு என்று முன்பே எழுதினேன். நீ பதிலே சொல்லவில்லை, சுவருக்கு வெள்ளையடித்ததை எழுதுகிறாய். கோபிக்காதே. இந்த வேலைக்குப் பம்பாயில் இன்டர்வியூவுக்கு நின்றேனே, அதை உன்னிடம் முழுதாகச் சொன்னதில்லை. எந்த மெஷினையும் பிரித்துப் பூட்டுவேன். அந்த ஆள் இங்கிலீஷில் என் பெயரைத்தான் கேட்டிருக்கிறான். அதுகூடப் புரியாமல் தலையைக் குனிந்து நின்றேன். பக்கத்தில் இருந்தவன் சிரித்தான். என் மகள் அப்படி நிற்கக்கூடாது. உலகம் எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது. நம் ஊர்த் தமிழ்ப் பள்ளியில் பாட்டும் படமும் கற்றுக்கொண்டு அவள் எங்கே போவாள்?

சந்திரசேகர்


குடிபாலா
2.3.1997

அன்புள்ள லதா நைனாவுக்கு,

பம்பாய்க் கதையைப் படித்துவிட்டு வெகுநேரம் அடுப்பங்கரையிலேயே உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை?

ஆனாலும் என் பக்கத்தையும் கேளுங்கள். நேற்றுச் செல்லியம்மா பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டாள். "லதாவ கான்வெண்ட்டுக்கு அனுப்பப் போறியாமே டீச்சர்? உன் பொண்ணுக்கு ஆவாத பள்ளிக்கூடம் என் பொண்ணுக்கு மட்டும் எதுக்கு?" என்றாள். லதா போனால் பத்துப் பிள்ளைகள் பின்னாலேயே போவார்கள். ஆள் குறைந்தால் இந்த ஆந்திராவில் தமிழ் வகுப்பை மூடிவிட்டுத் தெலுங்கோடு சேர்த்துவிடுவார்கள். நான் யாருக்குக் கதை படிப்பேன்?

எதிர்வீட்டுத் துலுக்காணம் மஸ்கட் வருகிறார். அவரிடம் ஒரு கேசட் கொடுத்திருக்கிறேன். பிள்ளைகள் தாங்களே கட்டிய நாடகம். ஒரு மேகம் வழி தவறிக் குடிபாலா பஸ் ஸ்டாண்டில் இறங்கிவிடுகிறது. லதாதான் மேகம். நீங்கள் கேட்டுவிட்டு என்ன சொல்கிறீர்களோ, அதன்படி செய்கிறேன்.

சிவசங்கரி


மஸ்கட்
28.3.1997

என் அன்புச் சங்கரி,

கேசட் வந்தது. இன்று வெள்ளிக்கிழமை, லீவு. அறையில் போட்டால் எல்லோரும் கேலி செய்வார்கள் என்று டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். மதிய வெயில் இறங்கி, தண்ணீர் பால் மாதிரி வெளுத்துக் கிடந்தது. படகுகள் அசையவே இல்லை.

"கடலுக்கு எந்த பஸ்ஸுங்க போவும்?" என்கிறாள் லதா. குரல் எவ்வளவு மாறிவிட்டது! கண்டக்டராக வருகிற பிள்ளை, "ரண்டி ரண்டி, சித்தூர், சித்தூர்" என்று தெலுங்கில் ஆள் கூப்பிட்டுவிட்டு, "கடலுக்கு பஸ் இல்ல. நடந்துதான் போவணும். இரு, நானும் வரேன்" என்கிறது. அது யார்? வாய் திறக்காத தாட்சாயணியா?

கடைசியில் எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து 'ஷ்ஷ்' என்று அலை போடுகிறார்களே, அப்போது எனக்கு முன்னாலும் அலை வந்து போய்க்கொண்டிருந்தது. கண்ணை மூடியிருந்தேன். எது கேசட், எது கடல் என்று தெரியவில்லை. நம் மாந்தோப்புக்கு நடுவில் கடல் வந்துவிட்டது போலவும், நான் அதன் ஓரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பது போலவும் இருந்தது. டேப் நின்று நெடுநேரம் கழித்துத்தான் கண்ணைத் திறந்தேன்.

பிள்ளைகளிடம் சொல். கடலுக்கு அந்தாண்ட கரை உண்டு. இங்கிருந்து தெரியாது. அந்தக் கரையில் நீங்கள் எல்லோரும் இருக்கிறீர்கள்.

லதா உன்னிடமே படிக்கட்டும். நான் இனிமேல் கேட்கமாட்டேன்.

உன்
சந்திரசேகர்


குடிபாலா
22.6.1997

என் அன்புக்குரிய லதா நைனாவுக்கு,

இத்தனை நாள் பதில் போடாமல் இருந்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். உங்கள் கடிதத்தை வகுப்பில் சத்தமாகப் படித்தேன். கடைசி வரிகளை எனக்கென்று வைத்துக்கொண்டேன். உலகத்தையே ஜெயித்தவள் போல நடமாடினேன்.

மே மாதம் வண்ணப்பொடி வாங்க லதாவைச் சித்தூருக்குக் கூட்டிப்போனேன். போகிற வழியில் அந்தக் கான்வெண்ட். ஜன்னலுக்குள்ளே கண்ணாடி பீரோ பீரோவாகப் புத்தகங்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் வரமாட்டேன் என்றாள்.

"அம்மா, நம்ம ஸ்கூல்ல கீற கதையெல்லாம் படிச்சி முடிச்சிட்டேன். நான் இங்க வரேன்மா."

"நைனாவே நம்ம ஸ்கூல்லயே இருன்னு எழுதிட்டாரே!"

"நைனா சொன்னாரு, நீ சொன்ன. என்னை யாரும் கேக்கலியே?"

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அடிபட்ட மாதிரி இருந்தது. மனசில் தோன்றியதைச் சொல் என்று ஊர்ப்பிள்ளைகளுக்கெல்லாம் சனிக்கிழமைதோறும் சொன்னவள் நான். என் பெண் சொன்னதும் எனக்குத் தாங்கவில்லை. ஒரு வாரம் பிடித்தது. பிறகு நானே கூட்டிப்போய்ச் சேர்த்தேன்.

நான் பயந்தபடி ஆறு பிள்ளைகள் டி.சி. வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். வகுப்பு இந்த வருஷம் தப்பித்தது. அடுத்த வருஷம் தெரியாது. செல்லியம்மாவும் டி.சி. கேட்கத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். "எம்பொண்ணு இங்கதான் டீச்சர் வாயத் தொறந்தா. இங்கயே கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் கூலி வேலைக்குப் போய்விட்டாள்.

நேற்று ஆஜர் எடுக்கும்போது பழக்கத்தில் லதாவின் முழுப்பெயரைச் சொல்லி, ஸ்வர்ணலதா என்று கூப்பிட்டுவிட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நமக்குள் இனி இதைப் பற்றிச் சண்டை இல்லை. நீங்கள் என்னிடம் தோற்றீர்கள், நான் அவளிடம் தோற்றேன். அவள் இப்போது எனக்குப் பக்கத்தில் ஏதோ இங்கிலீஷ் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு ஷூவுக்குப் பாலிஷ் போடுகிறாள். எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை, கேட்க நன்றாக இருக்கிறது. இந்தத் தடவை லீவு கிடைத்தால் வாருங்கள். இரண்டு பேரும் சேர்ந்து அவளிடம் அர்த்தம் கேட்கலாம்.

உங்கள்
சங்கரி