நிழலை அளந்த வகுப்பு

என் பிரியத்துக்குரிய மெர்சி மதினிக்கு,

முதலில் வீட்டுச் செய்தி. நீங்கள் மாற்றலாகிப் போனதிலிருந்து அண்ணன் தானே சமைக்கப் பழகிவிட்டான். உப்பு மட்டும் இன்னும் கைக்கு வரவில்லை.

உங்கள் ஐந்தாம் வகுப்பையும் என்னிடமே கொடுத்துவிட்டார்கள். விக்கிரமசிங்கபுரத்தில் ஒரே பள்ளியில் பத்து வருஷம் பக்கத்துப் பக்கத்து அறையில் இருந்தோம். என் வகுப்பில் சத்தமே வராது, உங்கள் வகுப்பில் சத்தம் ஓயாது. உங்கள் பிள்ளைகளையும் வாயில் விரல் வைத்து உட்காரவைத்தேன். கரும்பலகையைப் பார்த்து அழகாக எழுதினார்கள். கேள்வி கேட்டால் பதில் இல்லை. ரிஸ்வானா தலையே நிமிர்த்துவதில்லை. உங்களிடம் வாயாடியவளா இவள்?

ஒருநாள் அளவைப் பாடத்தில், முற்றத்து வேப்பமரம் என்ன உயரம் என்று சும்மா கேட்டுவைத்தேன். ஏறாமல் எப்படி அளப்பது என்று ஒரு பையன் திருப்பிக் கேட்டான். எனக்கும் தெரியாது, மதினி. தெரியாது என்றே சொல்லிவிட்டேன். வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது.

மூன்று நாள் முற்றத்திலேயே கிடந்தோம். கயிறு, கம்பு எதுவும் எட்டவில்லை. கடைசியில் ரிஸ்வானாதான் தரையைப் பார்த்தாள். காலையில் நீண்டுகிடக்கும் தன் நிழல் வெயில் ஏற ஏறச் சுருங்குவதைக் கவனித்தாள்.

மறுநாள் அதை அளந்துகொண்டிருந்தபோது கல்வி அதிகாரி வந்துவிட்டார். கூச்சலைப் பார்த்து முகம் கடுத்தார். பாடம் நடக்கிறதா, விளையாட்டா என்று கேட்டார். நான் பதில் சொல்லும் முன்பே ரிஸ்வானா முன்னால் வந்தாள்.

"சார், நம்ம நிழல் நம்ம உயரத்துக்கு வாற நேரத்துல மரத்து நிழலும் மரத்து உயரத்துக்கு வந்துரும். நீங்க எம்புட்டு உயரம்?"

அவர் தன் உயரத்தைச் சொன்னார்.

"அப்ப இங்கன வந்து நில்லுங்க. செருப்பக் கழத்திருங்க சார், கணக்கு தப்பிரும்."

அந்த மனுஷர் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு வெயிலில் நின்றார், மதினி. நிழல் சரியாக வரும்வரை அசையவில்லை. மரம் இருபத்தாறு அடி. அவரே கைதட்டினார். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களையும் அனுப்பிவைப்பதாகச் சொல்லிப் போனார்.

அன்று சாயங்காலம்தான் நெஞ்சு உறுத்தியது. உங்கள் வகுப்பில் படிப்பே நடக்கவில்லை என்று தலைமையாசிரியரிடம் ஒருமுறை புகார் போனதே, அதைச் சொன்னது நான்தான். உங்களுக்குத் தெரியுமா? தெரிந்தும்தான் அதற்குப் பிறகும் எனக்கு மீன்குழம்பு கொடுத்துவிட்டீர்களா?

வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம். பிள்ளைகளை ஏன் வெயிலில் விடுகிறீர்கள் என்று கேட்கப்போகிறார்கள். எழுந்து நின்று பதில் சொல்வேன். அந்தப் புகாரிலிருந்தே தொடங்குவேன்.

உங்கள் நாத்தனார்,
செல்வராணி