சாமைக்காட்டுக் காவலுக்கு வந்த டைகர்

காட்டுப்பன்னியை விரட்ட பொமரேனியன் வாங்கிவந்த மகாராசாவுக்கு,

மூணு நாளா என்கிட்ட பேசாத வாய்க்கு சாமைச் சோறும் புளிக்குழம்பும் அடுப்பு மேல இருக்கு. சூடு பண்ணிக்கோங்க.

வேலூர்லருந்து சின்ன ஜாதி நாய்ங்களை வாங்கி நல்ல வூடு பாத்துக் குடுக்குறவங்க பதினோரு மணிக்கு கார்ல வர்றாங்க. டைகரை ஒப்படைச்சிடுங்க. போன தடவை அவங்க வந்தப்ப செஞ்ச மாதிரி புதூர்நாட்டுல உங்க தங்கச்சி வூட்ல ஒளிச்சு வெச்சுட்டு, "இன்னாங்க, நாய் எங்க போச்சுன்னே தெரியலீங்க"ன்னு நடிக்க வேணாம். ஊர் நாய்ங்க ரெண்டு தடவை கடிச்சுக் குதறி, கழுத்துல தையல் போட்டாச்சு. மூணாவது தடவைக்குக் கழுத்து இருக்காது.

ஊசி போட்ட அட்டை பீரோ மேல. அவங்க குடுத்த ஃபாரத்துல தையலை மறைக்காம எழுதியிருக்கேன். 'எதற்காக வாங்கினீர்கள்?'னு ஒரு கேள்வி. அதுக்கு நீங்களே பதில் எழுதுங்க, எனக்குக் கை கூசுது.

அது படுக்குற உங்க பச்சை லுங்கியையும் குடுத்தனுப்புங்க. தோய்க்காதீங்க. புது எடத்துல உங்க வாசனை இருந்தாத்தான் தூங்குமாம். பாவம், அதோட மூக்கு.

அம்சவல்லி

இன்னொண்ணு: போளூர்ல அங்கன்வாடி மீட்டிங் ரெண்டு மணிக்குத்தான். அதுக்கு ஏன் ஆறு மணி பஸ்ஸுன்னு கேக்காதீங்க. அது கார்ல ஏறித் திரும்பிப் பாக்கும். பன்னி உறுமினா டைகர் கட்டிலுக்கடியில பூந்துக்கும். நான் பஸ்ல பூந்துக்கிட்டேன்.