ஆர்விலுக்குப் போட்ட வேட்டு

கெண்டக்கி,
அக்டோபர் 14

அன்புள்ள டார்லா,

நீயும் மாப்பிள்ளையும் அந்த அலாஸ்காக் குளிரில் சளி, காய்ச்சல் இல்லாமல் இருக்கவேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாம் சுகம். உன் அப்பாவை மட்டும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

ஆர்வில் மாமா போய்விட்டதைப் போனில் சொன்னேன், அடக்கத்தன்று நடந்ததைச் சொல்லவில்லை. கடையில் கிடைக்கிற துப்பாக்கிக் கருமருந்தை விட்டுவிட்டு, வில்லோ மரக்கரியும் கையுமாக உன் அப்பா கொட்டகையில் தானே மருந்து செய்கிறேன் என்று எத்தனை வருஷமாய் மல்லுக்கட்டுகிறார், உனக்குத் தெரியும். சுடும் போட்டியில் ஆர்வில் பக்கத்தில் நின்றுகொண்டு, "ஹோபர்ட், உன் வேட்டுச் சத்தத்துக்கு மான் ஓடாதுடா, பாவம்னு கிட்ட வந்து பாத்துட்டுப் போகும்" என்று கேலி பண்ணிக்கொண்டே இருப்பார். இவர்களுடைய துப்பாக்கி கிளப்பில் யார் இறந்தாலும் குழி மூடுமுன் ஐந்து பேர் பழைய நீளத் துப்பாக்கிகளில் மருந்து கெட்டித்து, குண்டில்லாமல் வானத்தைப் பார்த்துச் சேர்ந்து சுடுவார்கள் இல்லையா, அதற்குத் தன் மருந்துதான் என்று இவர் ஒற்றைக்காலில் நின்றார். "என் சிநேகிதனைக் கடைமருந்தாலயா அனுப்புவேன்" என்று கேட்டபோது மறுத்துப் பேச யாருக்கும் மனம் வரவில்லை. வாரம் முழுக்க மழை, மருந்து ஈரம் இழுத்திருக்கும், ஒரு தடவை சுட்டுப் பாருங்கள் என்றேன். அடக்கத்துக்கு முன்னால் வேட்டுப் போடுவது மரியாதையில்லை என்று சொல்லிவிட்டார்.

ஐந்து துப்பாக்கியும் புஸ்ஸென்று புகைந்து அடங்கிவிட்டன. போதகர் இருமியதுதான் கேட்டது. ஆர்வில் மனைவி நெல்டா முகத்தைப் பொத்திக்கொண்டு காருக்குப் போய்விட்டாள். அதிலிருந்து உன் அப்பா கொட்டகையைத் திறக்கவில்லை, சர்ச்சில் கடைசி வரிசையில் உட்கார்ந்து நெல்டா திரும்புமுன் வெளியேறிவிடுகிறார், சோள ரொட்டி பாதி தட்டிலேயே கிடக்கிறது. நான் இன்னும் அடித்துச் சொல்லியிருக்கலாம்.

நேற்று நெல்டாவே வந்தாள். ஆஸ்பத்திரியில் ஆர்வில் அவளிடம், "ஹோபர்ட் தன் மருந்தைத்தான் போடுவான், தடுக்காத. ஒண்ணும் வெடிக்காது. அப்ப நீ ஒரு தடவை சிரிச்சுடணும்" என்று வாக்கு வாங்கியிருந்தாராம். "சிரிக்கத்தான் பாத்தேன் ஹோபர்ட், அழுகைதான் வந்துச்சு. அவர் கடைசியாக் கேட்டது அது ஒண்ணுதான்" என்று சொல்லி உன் அப்பா கையைப் பிடித்துக்கொண்டாள். இவர் எழுந்து போய் அவளுக்குக் காப்பி ஊற்றிக்கொண்டு வந்தார். மூவரும் காப்பி தீரும்வரை சேர்ந்து உட்கார்ந்திருந்தோம்.

கர்த்தர் உங்கள் இருவரையும் காப்பாராக. கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன், போட்டுக்கொள். ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு மறக்காமல் போன் பண்ணு. ஆறுதல் ஒன்றும் சொல்லாதே, அதை ஊரே சொல்லிவிட்டது. கொஞ்சம் கேலி பண்ணு. அவரைக் கேலி பண்ண இங்கே இப்போது ஆள் இல்லை.

உன் அம்மா,
வெர்னா