பால்கனிக் கம்பியும் சின்னக் குட்டியும்

பாப்பா,

அன்று வேலைக்குக் கிளம்புமுன் அப்பா பால்கனிக் கம்பிகளுக்கு நடுவே முஷ்டியை விட்டுப் பார்த்தார். "நுழையல. எந்தக் குட்டியும் எடுக்கலாம்" என்றார். போனவர் உயிரோடு திரும்பவில்லை.

நேற்று நாய்க் காப்பகத்தில் நீ அந்தச் சின்னக் கலப்பினக் குட்டியைக் கேட்டாய். மறுத்தேன். "உனக்கு எதுக்கெடுத்தாலும் பயம்மா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாய்.

நம் இரண்டு அறைக்கு அதுதான் தோது, தெரியும். ஆனால் அதன் தலை என் முஷ்டியளவு. என் முஷ்டி நுழைகிறதடி. மூன்றாம் மாடி.

காலையில் வலை கட்டிவிட்டேன். நீயும் இழுத்துப் பார். நாலு மணிக்குக் காப்பகத்து அக்கா வீட்டைப் பார்க்க வருவார். அந்தக் குட்டியையே கேள். சாப்பாடு மூடியிருக்கிறது.

அம்மா

பி.கு.: காப்பகத்து விண்ணப்பம் மேசைமேல். 'வீட்டில் எத்தனை பேர்' என்ற இடத்தில் அப்பா மூன்று என்று எழுதியிருக்கிறார். நான் திருத்தவில்லை.