தொடைச்சந்து நரம்பு

ஜூன் 5, செவ்வாய்

கால் கட்டைவிரல் புண் ஆறவில்லை என்று எம்பாலே டவுன் கிளினிக்குக்குப் போனேன். சர்க்கரை என்று சொல்லி அனுப்பினார்கள். புண்ணைப் பார்த்ததைவிட என் ரத்தத்தைத்தான் அதிக நேரம் பார்த்தார்கள்.

நர்ஸ் நாஃபுலா சின்னப் பெண். விரல்விட்டு எண்ணிச் சொன்னாள். "வாழைக்காய் மத்தோக்கே கூடாதும்மா. சோளக்களி, மரவள்ளி, சர்க்கரைவள்ளி, சோறு, ரொட்டி, எதுவும் கூடாது."

"அப்ப கல்லை அவிச்சுத் திங்கட்டுமா?"

"கறி, முட்டை, மீன், கீரை சாப்பிடுங்க. இல்லன்னா விரல் போயிடும். அப்புறம் கால்."

"கறி விலை தெரியுமா உனக்கு?"

"பன்னிக்கறி மலிவுதானேம்மா."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். "ஏய், அது குன்னு மேல இருக்கிற யூதக்காரம்மா." நாஃபுலா வாயைப் பொத்திக்கொண்டாள். பாவம், கெட்ட எண்ணமில்லை. ஆனாலும் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்: "கான்வென்ட்ல அயர்லாந்து சிஸ்டருங்க என் தட்டுல பன்னிக்கறி வெச்சாங்க. படிப்பு முடியிற வரைக்கும் நான் கீரையைத் தின்னுட்டு முதல் மார்க் வாங்கினேன். எழுதிக்கோ."



ஜூன் 6, புதன்

சிப்போரா கம்பாலாவிலிருந்து பேசினாள். நாஃபுலா அவளுக்குச் சொல்லிவிட்டாள் போல. என் மகளுக்கு என்னைவிட என் ரத்தத்தைப் பற்றி முன்னதாகத் தெரிகிறது.

"அம்மா, கிளம்பி வாங்க. இங்க ஃபிரிட்ஜ் நிறையக் கோழி இருக்கு."

"யார் அறுத்தது?"

"சூப்பர் மார்க்கெட்ல யார் அறுத்தாங்கன்னு யாரும்மா கேட்பாங்க?"

"நான் கேட்பேன்."

அவள் வீட்டில் ஒரே வாணலி. காலையில் பால் காய்ச்சுவாள், மாலையில் அதிலேயே மருமகனின் சாசேஜ். பேட்ரிக் நல்ல மனிதன், அவன் வாணலி அவன் இஷ்டம். பாலும் கறியும் ஒரே பாத்திரத்தில் கலந்தால் எங்களுக்கு ஆகாது, நான் அதில் சாப்பிட மாட்டேன்.

கடைசியில் அழுதாள். "புது வருஷம் வரைக்கும் பார்ப்பேன். சர்க்கரை இறங்கலன்னா வண்டி எடுத்துட்டு வந்து தூக்கிட்டுப் போயிடுவேன்." புது வருஷம் என்றது எங்களுடையதை, செப்டம்பரில் வருவதை. அதையாவது மறக்கவில்லை.

சரி. செப்டம்பர்.

ஜூன் 8, வெள்ளி

சூரியன் விழுந்தால் சப்பாத், ஓய்வுநாள், பேனா தொடக் கூடாது; அதற்குமுன் எழுதுகிறேன். சப்பாத் உணவுக்கு ரொட்டிமேல் ஆசி சொல்லாமல் முடியாது. ஆசி சொன்னால் ஓர் ஆலிவ் பழ அளவாவது தின்ன வேண்டும். நான் வாழ்க்கையில் ஆலிவ் பார்த்தது ஒரே ஒரு முறை, மதர் சுப்பீரியரின் மேசையில், கண்ணாடி ஜாடிக்குள். அந்த அளவு கிள்ளி வைத்திருக்கிறேன். அதற்குமேல் ஒரு பொருக்குகூட இல்லை. ஆண்டவருக்கும் நாஃபுலாவுக்கும் இதில் சண்டை வராது.

ஜூன் 14, வியாழன்

பசி. வெட்கமில்லாமல் எழுதுகிறேன், பசி.

வெண்ணெய்ப்பழம் மரத்தில் இருக்கிறது, நல்லவேளை. கீரை இருக்கிறது. நிலக்கடலை கொஞ்சம். பண்டிகைக்கென்று வைத்திருந்த காய்ந்த மூங்கில்குருத்தைக் கடலைச் சாந்தில் போட்டுத் தின்றேன். முட்டையை விற்றால்தான் விளக்குக்கு எண்ணெய், தின்றால் இருட்டு. ஆசிரியை ஓய்வூதியம் அதற்கு இஷ்டமான மாதத்தில் வரும்.

பக்கத்து வீட்டு யூனியா வேலிமேல் கையை வைத்துக்கொண்டு என் தட்டைப் பார்த்தாள். இங்கே மத்தோக்கே இருந்தால்தான் அது சாப்பாடு. மற்றதெல்லாம் குழம்பு.

"அக்கா, சாப்பாடு எங்க? வெறும் குழம்பா திங்கிறீங்க? விருந்தாளி பார்த்தா என்ன சொல்வாங்க?"

"வர்ற விருந்தாளியைச் சாப்பாடு கொண்டுவரச் சொல்லு."

சாயங்காலம் புகைபோட்ட கெளுத்தி ஒன்றை இலையில் சுற்றிக் கொண்டுவந்தாள். நம் சபைக்காரி! செதில் இல்லாத மீன் எங்களுக்கு ஆகாதென்று தெரியாதவளா! "உடம்புக்கு முடியாதவங்களுக்குப் பரவால்லன்னு நெனைச்சேன்," என்றாள். உயிர் போகிற நிலையில் பரவாயில்லைதான். நான் இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை என்றேன். அவள் பூனை நன்றாகச் சாப்பிட்டது.

ஜூன் 21, வியாழன்

இன்று ஏனோஷ் ஆடு அறுத்தான். என் கணவர் அசரியாவுக்குப் பிறகு எங்கள் சபைக்கு அறுப்பவன் அவன்தான். கத்தி சுத்தம், கை சுத்தம், குறை சொல்ல மாட்டேன். முன்பகுதிக் கறியின் விலையைக் கேட்டுவிட்டுக் கூடையை மூடிக்கொண்டேன்.

அப்போதுதான் பார்த்தேன். பின்னந்தொடைகள் இரண்டையும் சந்தைக் கசாப்புக்காரர் சைக்கிளில் கட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வாரமும் நடக்கிறது. இன்றுதான் பசியோடு பார்த்தேன்.

பின்தொடையில் ஓடும் நரம்பு எங்களுக்கு ஆகாது. எங்கள் முன்னோர் யாக்கோபு இறைதூதனோடு மல்லுக்கட்டியதில் அடிபட்ட இடம் அது. அந்த நரம்பையும் விலக்கப்பட்ட கொழுப்பையும் இழை இழையாக எடுத்துவிட்டால் தொடை முழுவதும் உண்ணலாம். எடுக்கத் தெரியாவிட்டால் மொத்தத்தையும் அடிமாட்டு விலைக்கு வெளியே தள்ளவேண்டியதுதான். அசரியா எடுப்பார். அவர் போனதோடு அது போயிற்று என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

"கசாப்புக்காரருக்குத் தர்ற விலைக்கு எனக்குக் குடு," என்றேன் ஏனோஷிடம்.

"பெரியம்மா, நரம்பு?"

"நான் எடுக்கிறேன்."

சிரித்தான். பிறகு நான் சிரிக்கவில்லை என்று பார்த்து நிறுத்தினான். "அது ஆம்பளைங்க வேலை பெரியம்மா."

"வேதத்துல எந்த அதிகாரத்துல எழுதியிருக்கு? காட்டு."

"பழக்கம் அப்படி."

"முப்பது வருஷம் அவர் எடுக்கும்போது காலைப் பிடிச்சுக்கிட்டு நின்னது யாரு? உங்க அப்பாவா?"

சைக்கிள் போய்விட்டது. பள்ளம் தாண்டும்வரை தொடைகள் ஆடுவது தெரிந்தது.

ஜூன் 24, ஞாயிறு

சபைத் தலைவர் மிக்காவிடம் போனேன். நல்ல உடை உடுத்தி, குடை எடுத்து. கெஞ்சப் போகிறவளாகத் தெரியக் கூடாது.

"பொம்பளை எடுக்கக் கூடாதுன்னு சட்டம் இல்லதான்," என்று தாடியைத் தடவினார். "இருந்தாலும் ஜெருசலேமுக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்டுட்டா..."

"பதில் வர்றதுக்குள்ள என் கால் போய்ச் சேர்ந்துடும். ஒத்தைக் காலோட வந்து கேட்கட்டுமா?"

தாடியிலிருந்து கையை எடுத்தார். பிறகு ஒரு நிபந்தனை: நான் நரம்பு எடுத்த தொடையை ஏனோஷ் சோதித்துப் பார்க்க வேண்டும், அவன் சரி என்றால் சரி.

என்னைச் சோதிக்க ஏனோஷ்! இருக்கட்டும். சோதிக்கட்டும்.

ஜூன் 28, வியாழன்

தோற்றேன்.

ஏனோஷ் ஒரு தொடை அனுப்பினான். பலகைமேல் வைத்து, அசரியாவின் சின்னக் கத்தியை எடுத்து, எனக்குத் தெரிந்தபடி கீறினேன். இருக்க வேண்டிய இடத்தில் நரம்பு இல்லை. இன்னும் ஆழமாகப் போனேன். எங்கோ அகப்பட்டது, இழுத்தேன், அறுந்தது. அறுந்த முனை சதைக்குள் ஓடிவிட்டது. தேடித் தேடித் தொடை கந்தல். ஏனோஷ் வந்து பார்த்தான், துணியை எடுத்து அதை மூடினான்.

"ஏதாவது சொல்லேன்டா!"

"விடுங்க பெரியம்மா. கம்பாலாவுல சிப்போரா அக்கா நல்லாப் பார்த்துப்பாங்க."

அவனுக்கும் தெரியும். குன்று முழுக்கத் தெரியும். எல்லோரும் என் பெட்டியை மனசுக்குள் கட்டிவிட்டார்கள்.

கந்தல் தொடையைக் கசாப்புக்காரரே பாதி விலைக்கு எடுத்துப் போனார். இந்த வாரம் முட்டை எல்லாம் விற்பனைக்கு.

முப்பது வருடம் பார்த்தேனே. எப்படித் தெரியாமல் போகும்? என்ன பார்த்தேன் நான்?

ஜூன் 29, வெள்ளி

காலையில் கீரை ஆயும்போது கை தானாக நின்றது.

நான் ஆட்டின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றது அசரியாவுக்கு *எதிர்ப்பக்கம்*. முப்பது வருடமும் எதிர்ப்பக்கம். எனக்கு இடது பக்கமாக இருந்தது அவருக்கு வலது. என் பக்கம் இருந்த குளம்பு அவருக்குத் தூரம். நேற்று நான் அவர் இடத்தில் நின்றுகொண்டு, என் இடத்திலிருந்து பார்த்தபடி வெட்டியிருக்கிறேன். எல்லாம் தலைகீழ்!

முட்டாள். முதல் மார்க் வாங்கிய முட்டாள்.

ஏன் ஒரு நாளாவது அவர் பக்கம் போய் நிற்கவில்லை என்று கேட்டுக்கொண்டேன். போகச் சொல்லி அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவரைக் குறை சொல்ல எழுதவில்லை. ஆனால் எழுதிவைக்கிறேன்.

ஜூலை 5, வியாழன்

ஏனோஷிடம் கேட்டு வாங்கிய இன்னொரு தொடையைத் திருப்பி வைத்தேன். கண்ணை மூடி, என்னை எதிரில் நிற்கவைத்துப் பார்த்தேன், காலைப் பிடித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு நிற்கும் அந்தப் பெண்ணை. பிறகு கீறினேன். நரம்பு அங்கேயே இருந்தது, வெள்ளையாக, என் சுண்டுவிரல் தடிமனில்.

இழுக்கவில்லை. தையல் வகுப்பில் சிஸ்டர் கையில் அடித்துச் சொல்லிக்கொடுத்தது: சிக்கிய நூலை இழுக்காதே, அது போகிற வழியே போ. போனேன். இடுப்புக் குழியிலிருந்து முழங்கால் வரை அறுபடாமல் வந்தது. அப்புறம் வெளிநரம்பு, கொழுப்பு, மெல்லிய சவ்வுகள். முதுகு ஒடிந்துவிட்டது.

ஏனோஷ் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். விரலை உள்ளே விட்டுப் பார்த்தான். எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து பார்த்தான்.

"என்னடா, மூக்கை வெச்சு மோந்தும் பார்க்கிறதுதானே?"

"சரியா இருக்கு பெரியம்மா," என்றான். பிறகு மெதுவாக, "எனக்கு இப்படி வராது."

ஊறவைத்து, உப்பிட்டு ரத்தம் வடித்து, கழுவி, சமைத்தேன். மத்தோக்கே இல்லை. யாரும் பார்க்கவில்லை, எலும்பைக் கடித்தேன்.

ஜூலை 10, செவ்வாய்

நாஃபுலா உப்பு விஷயம் தெரிந்து கத்தினாள். "ரத்த அழுத்தம் இருக்கும்போது கறியை உப்புல புதைக்கிறீங்களா?"

"மூணு தடவை கழுவுறேன். குழம்புல உப்பே போடறதில்ல. நீ வந்து நக்கிப் பாரு."

வந்தாள், நிஜமாகவே! ஒரு கிண்ணம் குடித்துவிட்டு, "உப்பு பத்தலம்மா," என்றாள்.

ஜூலை 15, ஞாயிறு

ஜெருசலேம் ஆலயம் இடிந்ததற்கான துக்க நாட்கள். கறி கிடையாது. முட்டை, வெண்ணெய்ப்பழம், கீரை, முட்டை. மரவள்ளி வேகும் வாசனை எல்லா வீட்டிலிருந்தும் வருகிறது. துக்கம் சரியாகவே அனுஷ்டிக்கப்படுகிறது.

ஆகஸ்ட் 2, வியாழன்

இரண்டு தொடைகள். கூலியாக எனக்கு ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு, மீதியை ஏனோஷ் பாதி விலைக்குச் சபைக்கு விற்கலாம் என்று பேச்சு. வாங்க ஆள் வரவில்லை. பொம்பளை கை வைத்த கறி என்று மூன்று வீட்டில் பேசினார்களாம்.

கேட்டுக்கொண்டு உள்ளே உட்காருவேன் என்று நினைத்தார்கள். பலகையைத் தூக்கி வாசலில் போட்டேன். எல்லோரும் பார்க்க, எடுத்த நரம்பை அதன்மேல் நீளமாக விரித்து வைத்தேன்.

"யாருக்குச் சந்தேகமோ அவங்க வந்து, உள்ள மீதி நரம்பு இருந்தா எடுத்துக் காட்டுங்க!"

யாரும் வரவில்லை. கடைசியில் வந்தவர் மிக்கா. நரம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எனக்கு ஒரு பங்கு குடும்மா. எலும்போட." அவ்வளவுதான் சொன்னார். அவர் மனைவி கூடையோடு பின்னாலேயே நின்றுகொண்டிருந்தாள். முன்பே பேசி வைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 17, வெள்ளி

யூனியா வேலிமேல் கை வைத்துக்கொண்டு: "அக்கா, எனக்கு ஒரு துண்டு?"

"உன் பூனைக்கா?"

"இன்னும் அதை மறக்கலையா நீங்க!"

கொடுத்தேன். கொடுக்காமல் இருப்பேனா.

செப்டம்பர் 6, வியாழன்

கிளினிக். சர்க்கரை இறங்கியிருக்கிறது. நாஃபுலா விரும்பும் அளவுக்கு இல்லை, ஆனால் இறங்கியிருக்கிறது. புண் மூடிவிட்டது. புதுத்தோல் ரோஜா நிறத்தில், எனக்குப் பொருந்தாத மாதிரி இருக்கிறது. "மாத்திரையை நிறுத்தக் கூடாது," என்றாள். நிறுத்துவதாக யார் சொன்னது?

செப்டம்பர் 11, செவ்வாய்

பண்டிகை முடிந்து எழுதுகிறேன். சிப்போரா ஞாயிறன்றே காலிப் பெட்டியோடு வந்தாள், என் துணிகளுக்காக. கிளினிக் சீட்டைக் கையில் கொடுத்தேன். வாசித்தாள். மறுபடி வாசித்தாள். என் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு விரலைப் பார்த்தாள். சின்ன வயசில் அவள் காலில் முள் குத்தினால் நான் பார்ப்பது போல.

"பிடிவாதக்காரி," என்றாள்.

"ஆமா."

புது வருஷத்துக்குத் தேனைத் தொட்டு நாக்கில் வைத்தேன், விரல்நுனி அளவு. அவள் பானையைத் திறந்து, தொடைக்கறியைக் கையாலேயே எடுத்துத் தின்றாள். அப்பாவின் கறி என்றாள். திருத்தலாம் என்று வாயெடுத்தேன். பிறகு அவளே திருத்திக்கொண்டாள்: "இல்ல, உங்க கறி."

பெட்டியை அப்படியே காலியாகத் திருப்பி வண்டியில் வைத்தாள்.

செப்டம்பர் 13, வியாழன்

இன்று மூன்று தொடைகள். இரண்டு நம்முடையவை, ஒன்று அடுத்த குன்றுச் சபை அனுப்பியது. கசாப்புக்காரர் சைக்கிளோடு வந்து வெகுநேரம் நின்றாராம். "இனிமே பின்னங்காலே கிடைக்காதா?" "கிடைக்காது," என்றானாம் ஏனோஷ்.

வேலை முடிந்து கை கழுவும்போது சிப்போரா போன் பண்ணினாள். எப்போது வருகிறீர்கள் என்று கேட்கவில்லை. கறிக்கென்று தனியாக ஒரு வாணலி வாங்கியிருக்கிறாளாம், அடுத்த வெள்ளிக்கிழமை வருகிறாளாம், தனக்கு ஒரு துண்டு எடுத்துவைக்க முடியுமா என்று கேட்டாள்.

யூனியா முதலில் சொல்லிவிட்டாள், நர்ஸ் நாஃபுலா இரண்டாவது, நீ அதற்கப்புறம்தான் என்றேன்.