பொண்ணு போட்ட லேஸ்

ஜூன் 3, செவ்வாய்

காலையிலிருந்து காற்று. ஷட்டரைத் தூக்கியதும் தெருப் புழுதி பூராவும் கடைக்குள். பைப் எல்போ பெட்டிகளைத் துடைத்தே பாதிக் காலை போனது. மேற்கே மலை தெரியவில்லை. கேரளாப் பக்கம் மழை பிடித்துவிட்டது போல.

போடி ஜீப் டிரைவர் காப்பிச் செடிக் குச்சி ஒரு கட்டு போட்டுவிட்டுப் போனார். நன்றாகக் காய்ந்தது. லேஸ் பின்ன விரல் நீளத்துக்கு நறுக்கி, நூல் சுற்றக் கழுத்துச் செதுக்கி, உப்புத்தாள் போட்டால் வழவழவென்று வரும். வாலில் பாசிமணி கோக்க வேண்டும். பாசி அழகுக்கு என்று நினைக்கிறார்கள். இல்லை, பாரத்துக்கு. பாசி இல்லாத குச்சி, லேஸ் பின்னுகிற தலையணையில் உருண்டு ஓடி நூலைக் கெடுக்கும். இந்த வீட்டில் எத்தனை தடவை சொல்லியாயிற்று. ஒருத்தர் காதிலும் ஏறவில்லை.

இந்தக் குச்சிக்குப் பாபின் என்று பெயர், அந்த வார்த்தையையே விட்டுவிட்டேன். கேட்டால் தையல் மிஷின் பாபினை நீட்டுகிறார்கள். குச்சி என்றால் குச்சி.

வாங்க வேண்டியது: வெள்ளை நூல். துருப்பிடிக்காத குண்டூசி. சிவப்புப் பாசி. சாந்திக்கு மூட்டுவலித் தைலம்.

மதியம் மச்சினன் முருகேசன் கடைக்கு வந்தான். கஸ்டமர் நிற்கும்போது வேண்டுமென்றே, "மச்சான லேசா நெனைக்காதீக. லேசு போடுற ஆளு" என்று சிரித்தான். சாந்தியின் தம்பியாகப் பிறந்ததைத் தவிர அவன் இதுவரை செய்த ஒரே காரியம் இந்த நக்கல். கஸ்டமரும் சிரித்தார். கேட் வால்வு இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இருந்தது.

ஜூன் 5, வியாழன்

சாரல். தரகர் வந்தார். மகள் நித்யாவுக்கு ஒரு வரன், தேவதானப்பட்டி. பையனுக்குக் கோயம்புத்தூரில் கம்பெனி வேலை. ஞாயிறு பெண் பார்க்க வருகிறார்கள். நித்யா போட்டோவைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கிறாள். பிடித்திருக்கிறது. போன இரண்டு வரனுக்கு எட்டிக்கூடப் பார்க்காதவள்.

தரகர் படி இறங்கியதும் சாந்தி சொன்ன முதல் வார்த்தை: "அந்தத் தலையாணிய ஞாயித்துக்கெழம எங்கயாச்சும் ஒளிச்சு வைங்க. பொம்பள வேல பாக்குற மனுசன்னு நெனப்பாக."

குடி இல்லை, சீட்டு இல்லை, ஊர் வம்பு இல்லை. நான் வெட்கப்பட வேண்டியது லேஸுக்கு. முருகேசன் பஸ் ஸ்டாண்டில் போதையில் விழுந்து கிடந்தானே, அதற்கு அவர்கள் வீட்டில் பெயர் அசதி.

நாகர்கோவிலில் பைப் கம்பெனியில் இருந்த காலத்தில், மாடி வீட்டு அம்மா போடுவதைப் பார்த்துப் பிடித்தது இது. மிச்சம் போனில் வீடியோ பார்த்து. கடையில் நாள் பூராவும் மோட்டாரைப் போட்டுப் போட்டுக் காட்டி, வீட்டுக்கு வந்த பிறகும் அந்த இரைச்சல் தலைக்குள் ஓடும். குச்சியும் குச்சியும் இடிக்கிற அந்தச் சின்னச் சத்தத்தில்தான் அது நிற்கிறது. இப்போது போடுவது திராட்சைக் கொடி. கம்பம் ரோட்டுப் பந்தலைப் பார்த்து நானே வரைந்தது. யாருக்கு, யாருக்கு என்று கேட்கிறார்கள். யாருக்கும் இல்லை. அது ஏன் ஒருத்தருக்கும் புரியமாட்டேன் என்கிறது?

ஜூன் 7, சனி

ஒட்டடை, பினாயில், புது ஸ்கிரீன். கடையிலிருந்து வந்து பார்த்தால் ஹாலே வேறு மாதிரி. பீரோவில் மடித்து வைத்திருந்த என் லேஸ் பூராவும் வெளியே. டி.வி. மேல், டீப்பாய் மேல், நாற்காலி முதுகில். திராட்சைக் கொடி தலையணை நடு ஹாலில், குச்சிகளோடு.

ஒளிக்கச் சொன்னாயே என்றேன் சாந்தியிடம். திட்டம் மாறிவிட்டதாம். மூளை யாருடையது என்று கேட்க வேண்டுமா? பெண்ணுக்குக் கைவேலை என்ன தெரியும் என்று கேட்பார்களாம், இதெல்லாம் அவள் போட்டது என்று சொல்லிவிடலாமாம். சட்டைப் பட்டன் அறுந்தால் என்னிடம் கொண்டுவருகிற பெண். முருகேசன் நாற்காலியில் சாய்ந்து, என் லேஸில் எண்ணெய்த் தலையை வைத்துக்கொண்டு விளக்கினான்.

ஆகத் தலையணை ஒளிய வேண்டாம். நான்தான் ஒளிய வேண்டும்.

நித்யா மட்டும் பக்கத்தில் வந்து, ஒரு நாளைக்குத்தானேப்பா என்றாள். நான் முருகேசன் தலைக்குப் பின்னாலிருந்து லேஸை உருவினேன். அதைச் சரி என்று எடுத்துக்கொண்டாள்.

நாற்காலி லேஸைச் சோப்புப் போட்டு அலசினேன். கறை முழுசாகப் போகவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

வந்தார்கள். கேசரி, வாழைக்காய் பஜ்ஜி. பையன் அமைதி. அவன் அப்பா தேங்காய் விலை, தண்ணீர்ப் பிரச்சினை. சாந்தி இரண்டாவது வாக்கியத்திலேயே ஆரம்பித்துவிட்டாள்: இந்த லேஸ் எல்லாம் நம்ம நித்யா போட்டதுதான், சும்மாவே இருக்கமாட்டா.

பையனின் அம்மா எழுந்து போய் டி.வி. மேல் இருந்ததைத் தொட்டுப் பார்த்தார். பிறகு திருப்பினார். பின்பக்கத்தைப் பார்க்கிறவர் விஷயம் தெரிந்தவர். கொக்கி ஊசியில போடுற குரோஷா இல்லையே இது என்றார். இந்த வீட்டில் இதுவரை ஒருத்தர் வாயிலிருந்தும் வராத வார்த்தை. எனக்கு அந்த அம்மாவைக் கும்பிடலாம் போலிருந்தது.

அடுத்து அவர் சொன்னது: "இங்கன ஒக்காந்து ரெண்டு வரி போட்டுக் காட்டுத்தா. பாக்க ஆசையா இருக்கு."

நித்யா உட்கார்ந்தாள். நாலு குச்சியை எடுத்தாள். என் பக்கம் பார்க்கவே இல்லை. நடுவில் இருக்கிற இரண்டில் வலதைத் தூக்கி இடது மேல் போட்டாள். தப்பு. இழுத்தாள். மறுபடி அதே தப்பு. கொடியின் தண்டு கோணிக்கொண்டு போவது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. வாயை மூடு, வாயை மூடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்றாவது தடவையும் அதே மாதிரி தூக்கினாள்.

"நடுவுல எடதுதான் மேல வரணும். ஒதுங்கு."

நான்தான் சொன்னேன். சொல்லும்போதே அவள் இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். தப்பை அவிழ்த்து, ஒரு இலை முடித்துத்தான் தலையைத் தூக்கினேன். பையனின் அப்பா ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பையன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். நித்யா சுவரோடு சுவராக நின்றாள்.

அந்த அம்மா மட்டும், அப்ப நீங்கதானா என்றார். காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார்கள்.

சாயங்காலம் நித்யா: "என் கல்யாணத்த விட அந்த நூலு பெருசாப் போச்சாப்பா ஒங்களுக்கு?"

இல்லை என்றேன். இங்கே எழுதலாம், யாரும் பார்க்கப் போவதில்லை. அந்த நிமிஷத்தில், ஆமாம். அவர்கள் எதற்கு வந்திருக்கிறார்கள் என்பதே எனக்கு மறந்துவிட்டது.

ஜூன் 10, செவ்வாய்

காற்று நின்றபாடில்லை. சாந்தி பேசவில்லை, தட்டு பேசுகிறது. சாம்பாரில் உப்பு இல்லை. கேட்கவும் முடியவில்லை. நித்யா நான் ஹாலுக்கு வந்தால் ரூமுக்குள், நான் ரூமுக்குப் போனால் மொட்டை மாடி.

முருகேசன் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு வந்தான். ஒரு நாள் வாயைக் கட்டமுடியாத மனுஷனை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அக்காவிடம் புலம்பல், எனக்குக் கேட்கிற மாதிரி. பொய்யைக் கிளப்பியது யார்? அதை ஒருத்தரும் கேட்கக் காணோம். வாசலில் கிடந்த அவன் செருப்பை நாய் தூக்கிக்கொண்டு போனது. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

கொடியைத் தொடவில்லை. கை அரிக்கிறது.

ஜூன் 12, வியாழன்

வெயில். தரகர் சிரித்துக்கொண்டே வந்தார். சம்மதமாம்.

"பொண்ண எல்லாருக்கும் பிடிச்சிருக்கு. பொய் சொன்னதக்கூட அவுக பெருசா எடுத்துக்கல. மாப்ள ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறாரு. மாமனார் லேசு போடுறாருங்கறது அவுக சொந்தத்துல யாருக்கும் தெரியக் கூடாதாம். நாளப்பின்ன ஆளுக வரப்போக இருப்பாக, அந்தச் சாமானே வீட்டுல இருக்க வேணாங்குறாரு."

பொய் பரவாயில்லை. லேஸ்தான் கூடாது. அவன் அம்மா என்ன சொன்னார் என்று கேட்டேன். அவுக ஒண்ணும் சொல்லலை என்றார் தரகர். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்த அம்மா.

சாந்தி அவர் முடிக்கும் முன்பே சரி என்றுவிட்டாள். முருகேசன் சரி என்றான், அவனை யார் கேட்டார்கள்? நான் நித்யாவைப் பார்த்தேன். அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தரையைப் பார்த்தபடியே சொன்னாள்: "சரின்னு சொல்லிருங்கப்பா."

சொன்னேன்.

முருகேசன் சிமெண்டுச் சாக்கு ஒன்றை எடுத்துவந்தான். தொடாதே, நானே போடுகிறேன் என்றேன். நித்யா வந்து சாக்கின் வாயை விரித்துப் பிடித்தாள். கொடியில் கடைசி இலை பாதியில் நின்றது. நூலை வெட்டி வெட்டி, குச்சிகளை ஜோடி ஜோடியாகச் சாக்கில் போட்டேன். வேண்டாம்பா, விடுங்க என்று பொய்க்காவது ஒரு தடவை சொல்லுவாள் என்று மெதுவாகத்தான் போட்டேன். கடைசிக் குச்சி வரைக்கும் மெதுவாகத்தான் போட்டேன். அவள் கை வலிக்க வலிக்கச் சாக்கை அசையாமல் பிடித்திருந்தாள்.